இரண்டு சக்கர லோ

வண்டியில் கை வைத்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்று பண்ணை முதலாளி டெல்மர் ஏப்ரலில் சொன்னார். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் கை வைத்தேன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவன் ஒரு வண்டியின் வயரிங்கில் என்னவோ நோண்டி, அது வைக்கோல் போரோடு சேர்ந்து எரிந்து போனது. "கம்பெனிக்காரன் எப்படிக் குடுத்தானோ அப்படியே ஓடணும் ஆரின். இல்லன்னா வீட்டுச் சாவி என் மேசைக்கு வந்துடணும்." டெல்மர் கத்துகிற ஆளில்லை. சொன்னால் சொன்னதுதான்.

என் வேலை ஆட்டுக் கிடைகளுக்குத் தண்ணீரும் சாமானும் கொண்டு போய்க் கொடுப்பது. பண்ணை இருப்பது மேட்டுச் சமவெளியில். கிணறும் மேலேதான். ஆடுகள் மேய்வதோ கீழே, பள்ளத்தாக்கில். நடுவில் மலைச்சரிவை வெட்டிப் போட்ட இரண்டு மைல் பாதை, ஒரு வண்டி அகலம். தினம் ஐந்நூறு காலன் டேங்கை டிரெய்லரில் வைத்து அந்தப் பாதையில் இறக்க வேண்டும். இறக்குவதுகூடப் பெரிதில்லை. கீழே தொட்டி ஒரு பாறை மேட்டின்மேல் இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ரிவர்ஸில் மேடேற்றி டிரெய்லரை அதனிடம் ஒட்ட வேண்டும். அங்கேதான் என் உயிர் போகும்.

ஹை கியரில் ரிவர்ஸ் எடுத்தால் கிளட்ச் தீய்ந்து நாறும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பியைத் தள்ளி லோவில் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்துவிடும். ஒடித்த முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றப் பார்க்கும், பாறை விட்டுக் கொடுக்காது. முன்பக்கம் கட்டிப்போட்ட குதிரை மாதிரி துள்ளும். அந்த வசந்தத்தில் மட்டும் முன் ஆக்சிலில், சக்கரத்தோடு சேரும் மூட்டில் இருக்கிற கிராஸ் இரண்டு உடைந்தது. இரண்டையும் மல்லாந்து படுத்து மாற்றியவன் நான்.

எனக்கு வேண்டியது லோ கியரின் நிதானமும் பலமும். ஆனால் பின்சக்கரம் மட்டும் தள்ளினால் போதும், முன்சக்கரம் சும்மா உருளட்டும். கம்பியில் அப்படி ஒரு இடம் கிடையாது. ஆனால் அந்த வண்டியில் முன் ஆக்சிலைச் சேர்ப்பதும் பிரிப்பதும் என்ஜினிலிருந்து வரும் இரண்டு வாக்குவம் குழாய்கள்தான். அவற்றை அறுத்து உள்ளே கொண்டு வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பித்தளை வால்வில் மாட்டினேன். இடப்பக்கம் திருப்பினால் கம்பெனி கொடுத்தபடி. வலப்பக்கம் திருப்பினால் கம்பி லோவில் இருந்தாலும் முன்சக்கரம் சேராது. ஒரு மணி நேர வேலை.

அன்று டிரெய்லர் ஒரே மூச்சில் தொட்டியை ஒட்டிப் போய் நின்றது. கிடையைப் பார்த்துக்கொள்ளும் சிப்ரியானோ பெரு நாட்டு மலைக்காரன், மெக்கானிக் வேலை தெரிந்த யாரையும் மாயெஸ்ட்ரோ என்றுதான் கூப்பிடுவான். அவன் தங்குகிற வேகனிலிருந்து இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன மாயெஸ்ட்ரோ, வண்டிக்கு இன்னைக்கு வயித்துவலி இல்லயா?"

"வைத்தியம் பண்ணிட்டேன். வெளிய சொல்லாத."

"நான் யார்கிட்ட சொல்ல? ஆடுங்ககிட்டயா?" யோசித்தான். "அதுங்ககிட்டயும் சொல்லக்கூடாது. அதுங்க டெல்மரோட ஆளுங்க."

ஒன்றே ஒன்றைத்தான் நான் சரியாக யோசிக்கவில்லை. டேஷ்போர்டில் நாலு சக்கரத்துக்கான ஆரஞ்சு விளக்கு கம்பியைப் பார்த்து எரிகிறதே தவிர சக்கரத்தைப் பார்த்து அல்ல. வால்வு எந்தப் பக்கம் இருந்தாலும் அது எரியும். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான். யாருக்கும் தெரியாது. காலி டேங்கோடு, காய்ந்த ரோட்டில், வால்வு வலப்பக்கம் இருக்க அப்படியே மேலே ஏறி வந்துவிட்டேன். திருப்பி வைக்க மறந்தேன். மறதியைக் காட்டித் தர அந்த வண்டியில் எதுவும் இல்லை.

மறுநாள் காலை டேங்கை ரொப்பி, டிரெய்லரை மாட்டி முற்றத்தில் நிறுத்திவிட்டு, இன்னொரு வண்டியில் வடக்குக் கிணற்றுப் பம்பைப் பார்க்கப் போனேன். வீட்டிலிருந்து ஆறு மைல்.

எங்களிடம் எல்லா வண்டியிலும், சமையலறையிலும், டெல்மரின் ஆபீஸிலும், சிப்ரியானோவின் கையிலும் ரேடியோ உண்டு. எல்லாம் ஒரே அலைவரிசை. ஒருத்தன் பல்வலி என்று சொன்னால் நாற்பது மைலுக்கு வைத்தியம் வரும். பத்தரை மணிக்கு சிப்ரியானோவின் குரல் வந்தது.

"தொட்டி அடைப்பானை ஏதோ ஒரு கடா பிடுங்கிப் போட்டிருக்கு. சொட்டுத் தண்ணி இல்ல. ஆயிரத்து நூறு ஆடு, குட்டிங்களோட, என்னைச் சுத்தி நின்னு கத்துது. என்னைக் குடிச்சிரும்போல."

சமையலறையிலிருந்து என் மனைவி மார்வா. "ஆரின் டேங்கை ரொப்பித்தான் வெச்சிருக்கான். நான் எறக்கிட்டு வரேன். அரை மணி."

"வானத்தைப் பாத்துக்க மார்வா." இது டெல்மர்.

"பாத்தேன். பஞ்சுதான். மழை வர்றதுக்குள்ள நான் கீழ இருப்பேன்."

இங்கே யாரும் யாரையும் கேட்டு வண்டி எடுப்பதில்லை. சாவி வண்டியிலேயே தொங்கும். எது கிட்டே நிற்கிறதோ அதில் ஏறிப் போக வேண்டியதுதான். மார்வா அந்தப் பாதையில் எனக்கு முன்னாலிருந்தே ஓட்டுகிறவள். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். "கம்பியை லோவுல தள்ளு. ஒண்ணாவது கியர். ரெண்டு காலையும் எடுத்துத் தரையில வை. பிரேக்கை மறந்துடு." இந்தப் பக்கத்தில் சரிவில் இறங்குகிற எல்லோருக்கும் இதுதான் பாடம். என்ஜின் நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், பாரம் தள்ளாது. பிரேக்கை மிதித்தவன் வழுக்குவான்.

என் கையில் பதினாறாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. அதைப் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடி மைக்கை எடுத்தேன்.

"மார்வா, இரு. நானே வந்து எறக்கறேன்."

"ஏன்? நான் ஓட்டினா வண்டி அழுவுமா?"

"அதுக்கில்ல. நான் வந்துடறேன்."

"நீ வர்றதுக்குள்ள ஆடு சிப்ரியானோவைக் குடிச்சிரும்."

டெல்மர் சிரித்தார். "நீ பம்பைப் பாரு ஆரின். உன் பொண்டாட்டி உன்னைவிட நல்லா ஓட்டுவா. ஊருக்கே தெரியும்."

கட்டைவிரல் மைக் பொத்தான்மேல் இருந்தது. இன்னும் ஒரு வரிதான். வால்வை இடப்பக்கம் திருப்பு. அந்த ஒரு வரியை டெல்மரும் கேட்பார். நான் மைக்கை மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். அவளுக்குச் சரிவின் உச்சிக்கு இரண்டு மைல், பாரத்தோடு. நடுவில் கம்பிக் கேட், இறங்கித் திறந்து, ஓட்டி, மறுபடி இறங்கி மூட வேண்டும். எனக்கு எட்டு மைல், பாரமில்லை. பிடித்துவிடலாம். பிடிக்க முடியாவிட்டாலும் ரோடு காய்ந்திருக்கிறது, காய்ந்த ரோட்டில் பின்சக்கரம் மட்டுமே பிடிக்கும், நேற்று நான் ஏறவில்லையா. ஏறியது காலி டேங்கோடு என்பது அடுத்த வளைவில் நினைவுக்கு வந்தது. அதை ஓரமாக வைத்தேன். அப்படி எத்தனையோ விஷயத்தை ஓரமாக வைத்துக்கொண்டே போனேன். வண்டி குழிகளில் விழுந்து எழுந்தது. பின்னால் கிடந்த ஸ்பேனர் பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

வீட்டைத் தாண்டும்போது முற்றம் காலி. உலர்த்தின துணி கொடியில் அப்படியே கிடந்தது. அவள் வானத்தை நம்பித்தான் போயிருக்கிறாள்.

மேற்கே பஞ்சு கறுத்துவிட்டிருந்தது. கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. பெரிய துளி, ஒரு காசு அகலம். நான் மைக்கை எடுத்தேன். இன்னொரு துளி விழட்டும் என்று வைத்தேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித்தான் செய்தேன்.

அந்தச் சரிவு முழுக்க நீலக் களிமண். காய்ந்தால் சிமெண்ட். நனைந்தால் விளக்கெண்ணெய். ஐந்து நிமிட மழை போதும், நிற்கிற ஆடே வழுக்கும்.

கேட்டை அடைந்தபோது அது மூடியிருந்தது. அவள் தாண்டிப் போய்விட்டாள். இறங்கிக் கம்பி வளையத்தைத் தூக்கும்போது மழை முதுகில் கொட்டியது. சக்கரத் தடத்தில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. நான் கேட்டை விட்டுவிட்டு வண்டிக்குள் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"மார்வா! எங்க இருக்க?"

இரைச்சல். பிறகு அவள் குரல், யாரையோ எழுப்பக் கூடாது என்பதுபோல மெதுவாக. "பாதியில. கேட்டுதா? வண்டி நிக்க மாட்டேங்குது ஆரின். கம்பி லோவுலதான் இருக்கு. லைட்டு எரியுது. ஆனா பின்னாடி வழுக்கிட்டே வந்துச்சு. டேங்க் தள்ளிடுச்சு. உள்பக்க ஓடையில ரெண்டு சக்கரத்தை எறக்கி நிறுத்தியிருக்கேன்."

"எறங்க முடியுமா?"

"என் பக்கம் ஒண்ணுமே இல்ல, காத்துதான். அந்தப் பக்கம் மண்சுவரு, கதவு ஒரு கை அகலம் தொறக்குது. டிரெய்லர் குறுக்க வந்து நிக்குது. பிரேக்கை மிதிச்சுட்டே இருக்கேன். காலைத் தளர்த்தினா நகருது. மிதிச்சாலும் கொஞ்சம் நகருது."

"மார்வா, அந்த லைட்டு பொய்."

"என்ன?"

"முன்சக்கரம் சேரல. நான் அதுல ஒரு வால்வு வெச்சிருக்கேன். பின்சக்கரம் மட்டும் லோவுல ஓடறதுக்கு. அது வலப்பக்கமே நிக்குது."

"நீ என்னத்தை வெச்சிருக்க?" என்று டெல்மர் ரேடியோவில் குறுக்கிட்டார்.

"டெல்மர், வாயை மூடுங்க," என்றாள் மார்வா. "எங்க இருக்கு?"

"ஸ்டியரிங்குக்குக் கீழ. உன் வலது முட்டிக்கு மேல. பித்தளை."

"தடவறேன்... இது சிகரெட் லைட்டர்... ஆங். இருக்கு."

"இடப்பக்கம் முழுக்கத் திருப்பு."

"திருப்பிட்டேன். ஒண்ணும் ஆகல."

"ஆகாது. உள்ள பல்லு பல்லோட சேரணும். அதுக்கு சக்கரம் உருளணும். ஒரு சாண், ரெண்டு சாண்."

"உருளணுமா," என்றாள்.

"என்ஜின் ஓடுதில்ல? ஸ்டியரிங்கை நேரா வை. கிளட்சை விட்டு, பிரேக்கையும் விடு. முன்னாடி கீழ டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். கேட்டதும் கேஸ் குடு."

"எறக்கத்துல கேஸா?"

"கொஞ்சமா. முன்சக்கரம் இழுத்தாத்தான் டிரெய்லர் நேராகும். பிரேக்குக்கு மட்டும் போகாத."

"பிரேக்குக்குப் போகக்கூடாதுன்னு எனக்கே பாடம் எடுக்கற." மூச்சு விட்டாள். "சத்தம் கேக்கலன்னா?"

நான் மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"சரி. ரெண்டு கையும் வேணும். மைக்கை வெக்கறேன்."

கேட் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று நினைக்கிறேன். வண்டிக் கதவு திறந்து கிடந்தது. மழை இருக்கையில் விழுந்தது.

பிறகு சிப்ரியானோ. அவன் கீழே நின்று பாதையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நகருது மாயெஸ்ட்ரோ. நகருது... டேங்க் வெளிய போகுது. கன்னி மாதாவே, ஒரு சக்கரம் ஓரத்துல... இரு... மண்ணு பறக்குது. முன்சக்கரத்துல! முன்சக்கரம் மண்ணை வாரி அடிக்குது! இழுக்குது. ஆட்டை வாலைப் பிடிச்சு இழுக்கற மாதிரி டேங்க் உள்ள வருது... வந்துடுச்சு. நேரா வந்துடுச்சு. எறங்கறா. நடந்து வர்ற வேகம்தான். இங்கேருந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி வர்றா."

அடுத்து டெல்மர். "ஆரின்."

"சொல்லுங்க."

"அந்த வால்வுல பெயிண்ட் அடி. எந்தப் பக்கம் எதுன்னு எழுது. அந்த வண்டியை எடுக்கற எல்லாருக்கும் தெரியணும்."

"வீடு...?" என்றேன். அந்த நேரத்தில் அதைத்தான் கேட்டேன்.

"வீட்டுக்கு என்ன? கிராஸ் வாங்கி வாங்கி எனக்கும்தான் அலுத்துப் போச்சு. எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

வண்டியைச் சரிவின் உச்சியில் நிறுத்திவிட்டு நடந்தே இறங்கினேன். ஒவ்வொரு காலிலும் ஐந்து கிலோ களி ஒட்டியது. பாதி வழியில் அந்த இடம். பின்சக்கரங்கள் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போன தடம் ஒரு ஆள் நீளத்துக்கு இருந்தது. டிரெய்லர் சக்கரத்தின் தடம் பாதையின் விளிம்பில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி பதிய அங்கே மண் இல்லை. எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

கீழே போனபோது டேங்க் தொட்டியை ஒட்டி நின்றது. ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்திருக்கிறாள், பாறையில் இரண்டாவது தடம் இல்லை. வால்வை வலப்பக்கம் திருப்பித்தான் எடுத்திருக்க வேண்டும். ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குடித்தன. மார்வா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் வேலை செய்யுது," என்றாள். "ரிவர்ஸ்ல."

"மார்வா..."

"சிப்ரியானோ, காபி இருக்கா?"

ரோடு காயும் வரை யாரும் மேலே போக முடியாது. மூன்று பேரும் சிப்ரியானோவின் வேகனுக்குள் உட்கார்ந்தோம். அது ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு பலகை, அவ்வளவுதான் அகலம். முட்டியும் முட்டியும் இடிக்கும். அவன் ஆட்டுக்கறியும் சோறும் போட்டான். மிளகாய் அரைத்த பச்சைக் குழம்பை ஊற்றினான். யாராவது ஏதாவது பேசினால் தேவலை என்பதுபோல அவனே பேசிக்கொண்டிருந்தான். அவன் ஊரில் ஒரு பஸ் இப்படித்தான், பாதிரியார் உள்ளே, கோழி உள்ளே. மார்வா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தால் தலை கூரையில் இடித்தது. மூன்று தடவை வெளியே போய் ரோட்டை மிதித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது தடவை அவளும் வெளியே வந்தாள்.

"நீ மொதல்ல கூப்பிட்டு நான் வந்துடறேன்னு சொன்னியே. அப்ப தெரியுமா உனக்கு, அது வலப்பக்கம் இருக்குன்னு?"

பம்புச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லலாம். பிறகுதான் நினைவு வந்தது என்று சொல்லலாம். வழி நெடுக இரண்டையும் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இறங்கியிருந்தேன்.

"தெரியும்," என்றேன்.

"டெல்மர் காதுல விழும்னு சொல்லல."

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"கம்பிக் கேட்டு வரைக்கும்."

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. எட்டு மைல், குழி ரோடு. அவளுக்குத் தெரியாத தூரம் இல்லை.

"இருபது நிமிஷம்," என்றாள். "அதுல பத்து நிமிஷம் நான் மேல, காஞ்ச ரோட்டுலதான் இருந்தேன். கேட்டை மூடிட்டு வானத்தைப் பாத்துட்டுக்கூட நின்னேன்."

நாலு மணிக்கு வெயில் வந்து, ஐந்தரைக்குக் களிமேல் பொருக்குக் கட்டியது. மார்வா டிரெய்லரைக் கழற்றி அங்கேயே விட்டாள். வண்டியில் ஏறி வால்வைத் திருப்பினாள். பிறகு இறங்கினாள்.

"நீ ஏறு. அந்த ஈர மண்ணுல முன்பக்கத்தை விட்டு, லோவுல எடு."

"இடப்பக்கம்தான் இருக்கு மார்வா. சேர்ந்துடும்."

"எடு."

நான் எடுத்தேன். அவள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தாள். சக்கரம் கடித்துச் சேற்றை அவள்மேல் அடித்தது. அவள் நகரவில்லை. அடுத்த பக்கம் போய் அந்தச் சக்கரத்தையும் பார்த்தாள். எழுந்து, முகத்தைக் கையால் வழித்துக்கொண்டு, என்னை இறங்கச் சொல்லித் தலையசைத்தாள்.

நான் மறுபக்கக் கதவுக்குச் சுற்றிப் போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நிற்கச் சொல்லிக் கத்தவில்லை. சிப்ரியானோ தொட்டிப் பக்கம் திரும்பி ஆடுகளை எண்ணுவதுபோல நின்றான்.

இரண்டு மைல். நாலு சக்கரமும் பிடித்து ஏறிய தடத்தில், அந்த உருளும் சத்தம் மேலே போய்த் தேய்கிற வரை கேட்டுக்கொண்டே, நான் நடந்து ஏறினேன்.